மண் வாசனையாம்! ‘பாலன்’ எடுத்தது சேலத்தில், ஞாபகம் இருக்கட்டும்

ஏற்காட்டு அடிவாரம் (இரவு 9.10)
நம் மன்றத்தின் பக்கத்து விவாதத் திரியில் நம்ம விருதுநகர்த் தம்பி குட்டநாட்டுக் கனவு இப்படி எழுதியிருக்கிறார்: “மலையாள சினிமா முதல் நாளிலிருந்தே கேரளத்து மண்ணில் முளைத்தது. தமிழ் சினிமா ஸ்டுடியோவில் பிறந்தது. அதனால்தான் அங்கே வாழ்க்கை இருக்கிறது, இங்கே செட் இருக்கிறது.” படித்ததும் சாப்பாடு இறங்கவில்லை. அங்கேயே பதில் போடலாம் என்றால் திரியைப் பூட்டிவிட்டார்கள். அதனால் தனித் திரி.

தம்பி, மலையாளத்தின் முதல் பேசும் படம் ‘பாலன்’. வெளியானது 1938 ஜனவரி 19. எடுத்த இடம் தெரியுமா? ஆலப்புழை இல்லை, திருச்சூர் இல்லை, உங்கள் கனவில் வருகிற குட்டநாடும் இல்லை. சேலம். மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ. தயாரித்தவர் எங்கள் டி.ஆர். சுந்தரம். இயக்கிய நொட்டானி மலையாளியே இல்லை. 23 வருடம் கழித்து அவர்களுக்கு முதல் வண்ணப்படம் வந்தது, 1961-இல் ‘கண்டம் பெச்ச கோட்டு’. அதுவும் மாடர்ன் தியேட்டர்ஸ்தான். இயக்கியதே சுந்தரம்தான். பேச்சும் சேலம் கொடுத்தது, வண்ணமும் சேலம் கொடுத்தது. முளைத்தது எந்த மண் என்று இப்போது சொல்லுங்கள்.

குட்டநாட்டுக் கனவு (இரவு 9.24)
அண்ணா, நான் எழுதியது மூன்று பக்கம். நீங்கள் பிடித்துக்கொண்டது முதல் வரி. ‘பாலன்’ கதை சுந்தரம் பிள்ளை, வசனம் முதுகுளம் ராகவன் பிள்ளை, நடித்தவர்கள் கே.கே. அரூர், எம்.கே. கமலம். சேலம் கொடுத்தது கூரையும் விளக்கும் கேமராவும். கல்யாண மண்டபக்காரர் மேடை ஏறி “மாப்பிள்ளை என் பிள்ளை” என்று சொன்னால் எப்படி இருக்கும்?

ஏற்காட்டு அடிவாரம் (இரவு 9.31)
மண்டபம் மட்டுமா தம்பி? சாப்பாடு போட்டவர், மேளத்துக்குக் காசு கொடுத்தவர், தாலி வாங்கிக் கொடுத்தவர். இவரை எங்கள் ஊரில் அப்பா என்போம். ஏற்காடு ரோட்டில் ஸ்டுடியோ வளைவு இன்னும் நிற்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். உங்களுக்கெல்லாம் கேரளம் ஓடிடியில் தெரியும். எனக்கு வளைவு கண் முன்னால் தெரியும்.

மாலதி க. (இரவு 9.40)
ஒரு சின்ன சந்தேகம். ‘மண்’ என்று நீங்கள் இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதானா? ஒருவர் படம் எடுத்த இடத்தைச் சொல்கிறார், இன்னொருவர் கதை நடக்கிற இடத்தைச் சொல்கிறார். அதை முதலில் பேசி முடித்துவிட்டால் பாதி சண்டை குறையும்.

ஏற்காட்டு அடிவாரம் (இரவு 9.42)
மண் என்றால் மண்தான் அம்மா. இதில் என்ன சந்தேகம்.

குழித்துறைக்காரன் (இரவு 9.58)
சேலத்து அண்ணனும் விருதுநகர்த் தம்பியும் அடித்துக்கொள்ளும் இடத்தில் ஒரு குமரி மாவட்டக்காரன் நுழையலாமா? முதல் பேசும் படம்தானே சேலம்? படம் பேசுவதற்கு முன்னாலேயே ‘விகதகுமாரன்’ வந்துவிட்டது. எடுத்தவர் ஜே.சி. டேனியல். எங்கள் அகஸ்தீஸ்வரத்தில் வாழ்ந்து 1975-இல் மறைந்தவர். சொத்தை விற்று, திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ போட்டு, தானே எழுதி, தானே இயக்கி, தானே நடித்து 1928-இல் படத்தைக் கொண்டுவந்தார். கேரள அரசு 1992 முதல் சினிமாவில் வாழ்நாள் சாதனைக்குத் தரும் விருதே அவர் பெயரில்தான் இருக்கிறது. அப்பா என்று ஒருவர் உண்டென்றால் அவர் எங்கள் ஊர்க்காரர். சேலம் சித்தப்பா முறை.

ஏற்காட்டு அடிவாரம் (இரவு 10.03)
1928-ஆ? யார் சொன்னது? 1930 அக்டோபர் 23, திருவனந்தபுரம் கேபிட்டல் தியேட்டர்.

குழித்துறைக்காரன் (இரவு 10.05)
1928 நவம்பர் 7.

ஏற்காட்டு அடிவாரம் (இரவு 10.06)
1930.

குழித்துறைக்காரன் (இரவு 10.06)
1928.

ஏற்காட்டு அடிவாரம் (இரவு 10.11)
அப்பாவின் பிறந்த தேதியே தெரியாத குடும்பம் சித்தப்பாவுக்கு முறை சொல்ல வந்துவிட்டது. எங்களிடம் தேதி பக்காவாக இருக்கிறது. 1938 ஜனவரி 19.

மாலதி க. (இரவு 10.30)
‘விகதகுமாரன்’ தேதிக்காக இவ்வளவு சண்டை. அந்தப் படம் திரையில் ஓடியபோது என்ன நடந்தது என்று ஒருவராவது பேசுவீர்களா? நாயர் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோஸி, தலித் பெண். தலித் ஒருத்தி நாயர் பெண்ணாக வருவதா என்று மேல்சாதிக்காரர்கள் திரையில் கல் எறிந்தார்கள். அந்தப் பெண் ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று. கடைசிவரை தமிழ்நாட்டுப் பக்கம் வேறு வாழ்க்கை வாழ்ந்தார். கதாநாயகி என்று சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. “சினிமா கலாச்சாரத்தின் கண்ணாடி” என்று பக்கத்துத் திரியில் குட்டநாட்டுக் கனவு எழுதுகிறார். முதல் காட்சியிலேயே கண்ணாடி மேல் கல் விழுந்துவிட்டது. மண்ணைப் பற்றிப் பேசுவதென்றால் இங்கேதான் தொடங்க வேண்டும்.

ஏற்காட்டு அடிவாரம் (இரவு 10.34)
நல்ல தகவல் அம்மா. வருத்தமாக இருக்கிறது. ஆனால் அது ஊமைப் படம். நான் பேசுவது பேசும் படம்.

பூரம் திருச்சூர் (இரவு 11.15)
இருபது வருடமாகச் சென்னையில் இருக்கிறேன். என் தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கவும். சேட்டா, சேலத்தை நாங்கள் யாரும் மறைக்கவில்லையே. வினாடி வினாவுக்குப் போகிற எங்கள் ஊர்ப் பையனுக்கெல்லாம் இது தெரியும். அதற்குப் பிறகு நடந்ததையும் கொஞ்சம் பாருங்கள். 1947-இல் ஆலப்புழையில் குஞ்சாக்கோ உதயா ஸ்டுடியோ தொடங்கினார், கோழி கூவும் சின்னம். 1954-இல் ‘நீலக்குயில்’. ஒரு நாயர் வாத்தியார் தலித் பெண்ணைக் கைவிட்டுவிடுகிறார், பிள்ளையை ஊர்த் தபால்காரர் எடுத்து வளர்க்கிறார். தபால்காரராக நடித்தது படத்தை இயக்கிய இருவரில் ஒருவரான பி. பாஸ்கரன். கே. ராகவன் கேரள முஸ்லிம்களின் மாப்பிளைப் பாட்டு மெட்டில் ஒரு பாட்டுப் போட்டார், இன்றும் கல்யாண வீட்டில் பாடுகிறார்கள். 1965-இல் ‘செம்மீன்’, ஜனாதிபதியின் தங்கப் பதக்கம், தென்னிந்தியாவுக்கே முதல் முறை. அதே விருதைத் தமிழ் எப்போது வாங்கியது?

ஏற்காட்டு அடிவாரம் (இரவு 11.22)
‘செம்மீன்’! வந்துவிட்டீர்களா. கேமரா மார்க்கஸ் பார்ட்லி. இசை சலில் சௌத்ரி, வங்காளி. எடிட்டிங் ரிஷிகேஷ் முகர்ஜி, வங்காளி. ‘மானச மைனே’ பாடியவர் மன்னா டே, அவரும் வங்காளி. கடல் மட்டும் உங்களுடையது. அதுவும் அரபிக்கடல், பாதி அரபிகளுக்குச் சொந்தம்.

பூரம் திருச்சூர் (இரவு 11.30)
கேள்விக்குப் பதில் வரவில்லை. நானே சொல்கிறேன். தமிழ் அந்த விருதை வாங்கியது ‘மறுபக்கம்’ படத்துக்கு, 1990-ஆம் ஆண்டுக்கான விருது. இயக்கியவர் கே.எஸ். சேதுமாதவன். ஊர் பாலக்காடு. உங்கள் கணக்குப்படி பார்த்தால் ‘மறுபக்கம்’ மலையாளப் படம். எடுத்துக்கொள்ளலாமா சேட்டா?

குட்டநாட்டுக் கனவு (இரவு 11.31)
🔥🔥🔥

ஏற்காட்டு அடிவாரம் (இரவு 11.52)
அது வேறு கணக்கு. கதை இந்திரா பார்த்தசாரதி. நான் பேசுவது இயக்குநர் எந்த ஊர் என்று இல்லை, எடுத்த இடம் எது என்று.

குட்டநாட்டுக் கனவு (இரவு 11.53)
முதல் பதிவில் “நொட்டானி மலையாளியே இல்லை” என்று இயக்குநரின் ஊரைப் பிடித்துத் தொங்கியது யார் அண்ணா? மேலே ஏறிப் பாருங்கள்.

ஏற்காட்டு அடிவாரம் (இரவு 11.55)
நாளை வேலை இருக்கிறது. காலையில் வருகிறேன்.

கடியப்பட்டணம் (மறுநாள் காலை 5.50)
‘செம்மீன்’ பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. சுந்தர ராமசாமி தமிழில் கொடுத்த நாவலையும் படித்திருக்கிறேன், படத்தையும் நாலு தடவை பார்த்திருக்கிறேன். பாட்டெல்லாம் உயிர். ஆனால் ஒரு சங்கடம். கடற்கரைக்காரன் என்று தெரிந்தால் வெளியூர்க்காரர் கேட்கிற முதல் கேள்வி, “கட்டியவள் கரையில் கற்போடு இருந்தால்தான் போனவன் திரும்புவானாமே, உண்மையா?” என் பாட்டி கடலுக்குப் போனவர்களுக்காக எழுபது வருடம் ஜெபமாலை உருட்டியவள். இப்படி ஒரு விதியை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. காற்றைப் பற்றிச் சொல்வாள், நீரோட்டத்தைப் பற்றிச் சொல்வாள். 2017 நவம்பர் கடைசியில் ஓக்கிப் புயல் வந்தது. குமரிக் கரையிலும் திருவனந்தபுரம் கரையிலும் எத்தனை வீட்டில் ஆள் திரும்பவில்லை! அந்த வீட்டுப் பெண்களிடம் போய் ‘கடலம்மா’ கதையைச் சொல்ல யாருக்காவது தைரியம் உண்டா? கரையில் கால் வைக்காதவன்கூட இன்று எங்கள் வழக்கம் இதுதான் என்று பேசுகிறான். கேட்டால் சினிமாவில் பார்த்தேன் என்கிறான்.

பூரம் திருச்சூர் (காலை 7.10)
நண்பரே, நாவல் தகழியுடையது, அவர் ஆலப்புழைக் கரையை எழுதினார். அங்கே அந்த நம்பிக்கை இருந்திருக்கலாம். உங்கள் கரை வேறு.

கடியப்பட்டணம் (காலை 7.14)
“இருந்திருக்கலாம்.” சரி.

ஏற்காட்டு அடிவாரம் (காலை 7.40)
கடியப்பட்டணம் அண்ணன் சொன்னதுதான் நான் நேற்றிலிருந்து சொல்வதும். மண் வாசனை என்கிற சாமான் மண்ணிலிருந்து வருவதில்லை. எடுத்த பிறகு பூசுவது. பூசியதைப் பார்த்துப் பார்த்து அந்த ஊர்க்காரனே “ஆமாம், இதுதான் எங்கள் வாசனை” என்று சொல்ல ஆரம்பிக்கிறான்.

இதுவரை வெளியில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் பெரியப்பா மாடர்ன் தியேட்டர்ஸில் தச்சு ஆசாரி. அவர் ஆயுசில் வாளையாறு தாண்டியதில்லை. ஒரு மலையாளப் படத்துக்குக் கேரள வீடு போட வேண்டும் என்றார்கள். யாரோ ஒருவர் கொண்டுவந்த காலண்டரில் ஓட்டுச் சாய்ப்பும் திண்ணையும் கிணறும் இருந்த ஒரு படம். அதை ஆணியில் மாட்டி வைத்துக்கொண்டு பத்து நாளில் வீட்டைப் போட்டார். படம் வெளிவந்தபோது பார்த்தவர்கள் “எங்கள் தரவாடு (பூர்வீக வீடு) மாதிரியே இருக்கிறது” என்றார்களாம். பெரியப்பா சாகிறவரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். டைட்டிலில் அவர் பெயர் கிடையாது. ஆசாரிக்கு யார் பெயர் போடுவார்கள்? “கேரளத்து மண்ணில் முளைத்தது” என்று எவனாவது எழுதினால் எனக்கு அந்த ஆணிதான் ஞாபகம் வரும். கேரளம் என்ற மாநிலமே பிறந்தது 1956 நவம்பர் 1. அதற்கு 18 வருடம் முன்னாலேயே சேலத்தில் கேரளம் போட்டாயிற்று.

குட்டநாட்டுக் கனவு (காலை 7.55)
எந்தப் படம் அண்ணா? பெயர்?

ஏற்காட்டு அடிவாரம் (காலை 7.58)
பெரியப்பா சொன்னார் தம்பி. அப்போது எனக்கு எட்டு வயது. எந்தப் படம் என்று குறித்து வைக்க எனக்குத் தோன்றவில்லை.

குட்டநாட்டுக் கனவு (காலை 8.01)
படத்தின் பெயர் தெரியாது, வருடம் தெரியாது, காலண்டர் எந்தக் கம்பெனி என்றாவது தெரியுமா?

ஏற்காட்டு அடிவாரம் (காலை 8.02)
செத்துப்போன மனிதரைக் கிண்டல் செய்யாதீர்கள்.

குட்டநாட்டுக் கனவு (காலை 8.05)
கிண்டல் இல்லை அண்ணா. ஆதாரம் கேட்டேன்.

கணவாய்க் காற்று (காலை 9.20)
பாலக்காட்டுத் தமிழன், இரண்டு பக்கமும் அடி வாங்கிப் பழகியவன். சேலத்துக்காரரின் காலண்டர் உண்மையோ பொய்யோ, அவர் சொல்ல வந்ததற்கு என்னிடம் நல்ல சாட்சி இருக்கிறது.

ஒன்று, பேச்சு. எம்.டி. வாசுதேவன் நாயர் திரைக்கு எழுத ஆரம்பித்த பிறகு பல வருடம் நல்ல வீட்டு மனிதர்கள் எல்லாரும் படத்தில் வள்ளுவநாட்டு மலையாளம், அதாவது ஒற்றப்பாலம் பக்கத்துப் பேச்சுத்தான் பேசினார்கள். மற்ற ஊர்ப் பேச்சு பெரும்பாலும் சிரிப்புக்கு வரும். திருவனந்தபுரத்துப் பேச்சு என்றால் வாய் திறந்ததுமே தியேட்டர் சிரிக்கும். மலப்புறத்துக்காரனும் காசர்கோட்டுக்காரனும் தங்கள் பேச்சைச் சிரிப்பில்லாமல் திரையில் கேட்க வெகு காலம் ஆயிற்று. 2018-இல் ‘சூடானி ஃப்ரம் நைஜீரியா’ வந்தபோது மலப்புறத்தில் ஒரு நண்பன் சொன்னான், “எங்கள் உம்மா (அம்மா) பேசுவது மாதிரியே ஒரு உம்மா.” அதற்கு முன் திரையில் வந்த உம்மாக்கள் யார் மாதிரிப் பேசினார்கள்?

இரண்டு, தரவாடு. நிலச் சீர்திருத்தம் 1970 ஜனவரி 1 அமலுக்கு வந்து ஜன்மி (நிலக்கிழார்) முறை சட்டப்படி ஒழிந்தது. அந்தச் சிதைவை 1981-இல் அடூர் கோபாலகிருஷ்ணன் ‘எலிப்பத்தாயம்’ படத்தில் காட்டினார். எலிப்பொறிக்குள் அகப்பட்டது போல ஒரு ஆண்பிள்ளை, உழைத்துத் தேய்கிற சகோதரிகள். கண்ணாடி என்றால் அது கண்ணாடி. ஆனால் 90-களில் என்ன ஆயிற்று? ஒழிந்த ஜன்மி மீசையை முறுக்கிக்கொண்டு திரும்பி வந்தார். 1993 ‘தேவாசுரம்’, 1997 ‘ஆறாம் தம்புரான்’. இரண்டுக்கும் வீடு ஒன்றுதான், ஒற்றப்பாலம் பக்கம் வரிக்காசேரி மனை என்ற பழைய பெரிய வீடு. சட்டம் போட்டு இறக்கிய ஆளைச் சினிமா தோளில் ஏற்றி வந்து பூமுகத்தில் (முன் திண்ணையில்) உட்கார வைத்தது. குத்தகைக்கு உழுதவன் பேரன் விசிலடித்தான். இன்று அந்த மனை முன்னால் நின்று ஜனம் போட்டோ எடுக்கிறது. இதைப் பிரதிபலிப்பு என்பதா, உண்டாக்கினது என்பதா? எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது.

ஏற்காட்டு அடிவாரம் (காலை 9.33)
அருமை. இப்படி எழுதும் ஆளுக்காகத்தான் காத்திருந்தேன். ஒரே ஒரு திருத்தம். பட்டியலை 1938-இலிருந்து ஆரம்பித்திருக்கலாம்.

கணவாய்க் காற்று (காலை 9.35)
ஐயோ சாமி.

பூரம் திருச்சூர் (காலை 10.02)
வரிக்காசேரி மனையை மட்டும் காட்டினால் எப்படி? ஃபிலிம் சொசைட்டிகளை விட்டுவிட்டீர்கள். 1965-இல் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா தொடங்கியது, பிறகு ஊர் ஊராகப் பரவியது. 1986-இல் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் ஒடேசா நண்பர்களும் ஊர் ஊராகப் படம் காட்டி, துண்டு ஏந்திக் காசு சேர்த்து ‘அம்ம அறியான்’ எடுத்தார்கள். முதலாளி கிடையாது, ஸ்டுடியோ கிடையாது, ஜனங்களுடைய சில்லறை. இது எங்கள் ஊரில்தான் நடக்கும்.

கணவாய்க் காற்று (காலை 10.08)
இதோ, “எங்கள் ஊரில்தான்” வந்துவிட்டது. சேட்டா, அந்த ஊர்ப் படத்தில் தமிழனுக்குக் கிடைத்த வேஷங்களையும் எண்ணுவோமா? திருடன், லாரிக்காரன், அடியாள், வேலைக்காரி, “பாண்டி” என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவன். 2005-இல் ஒரு படத்துக்குப் பெயரே ‘பாண்டிப்பட’. பாலக்காட்டில் பள்ளிக்கூடத்தில் அந்த வார்த்தையைக் கேட்டு வளர்ந்தவன் நான். படத்தைப் பார்த்துப் பையன்கள் கற்றார்களா, பையன்களைப் பார்த்துப் படம் எடுத்தார்களா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

பூரம் திருச்சூர் (காலை 10.15)
உங்கள் படங்களில் மலையாளி யார்? டீக்கடை நாயர், நர்ஸ், முண்டும் நேரியதும் கட்டிக்கொண்டு கிணற்றடியில் நிற்கிற பெண். கோடம்பாக்கம் முப்பது வருடம் எங்களை வைத்து என்ன வியாபாரம் செய்தது என்று நான் சொல்ல வேண்டுமா?

கணவாய்க் காற்று (காலை 10.21)
சரி, ‘மணிச்சித்திரத்தாழ்’ எடுத்துக்கொள்ளுங்கள். 1993. தரவாட்டில் பேய். யார் பேய்? தஞ்சாவூர்த் தமிழச்சி நாகவல்லி. உங்கள் வீட்டு அறையில் பூட்டி வைத்து, கொன்று, பேயாக்கி, கடைசியில் தமிழில் கத்தவும் வைத்தீர்கள். பேய் பிடித்த நாயகி கங்கா (ஷோபனா) மலையாளம் பேசினால் நல்ல பெண், தமிழ் பேசினால் பைத்தியம்.

குட்டநாட்டுக் கனவு (காலை 10.24)
இங்கே ‘சந்திரமுகி’ எடுத்தபோது நாம் என்ன செய்தோம்? பேயைத் தெலுங்குக்காரி ஆக்கினோம். இந்திக்காரன் எடுத்தபோது வங்காளி ஆக்கினான். பேய் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரிதான். இதில் மலையாளியை மட்டும் திட்டுவது என்ன நியாயம்?

கோடம்பாக்கம் வாசி (காலை 10.40)
நாகவல்லிக்குத் தமிழ் டப்பிங் பேசியவருக்கு அந்தக் காலத்தில் உரிய பெயர் கிடைக்கவில்லை என்ற பேச்சு இந்தத் தெருவில் வெகு நாள் ஓடியது. ஷோபனாவுக்குத் தேசிய விருது, கத்தியவருக்குத் தொண்டை வலி. சேலத்து ஆசாரிக்கு நடந்த அதே கதை.

ஏற்காட்டு அடிவாரம் (காலை 10.43)
நன்றி ஐயா. பெரியப்பாவை நம்புகிற ஒரு ஆளாவது இருக்கிறாரே.

கோடம்பாக்கம் வாசி (காலை 10.47)
நம்புகிறேன் என்று எங்கே சொன்னேன்? மாதிரிக்குச் சொன்னேன்.

மாலதி க. (காலை 11.30)
இரவில் ரோஸியைப் பற்றி எழுதினேன், ஊமைப் படம் என்று தள்ளிவிட்டீர்கள். இப்போது பேசும் காலத்துக்கே வருகிறேன். 2021 ஜனவரியில் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ வந்தது. பெரிய தளங்கள் எடுத்துக்கொள்ளாமல் நீஸ்ட்ரீம் என்ற சின்னத் தளத்தில் வந்த படம். சண்டை இல்லை, பேய் இல்லை. தேங்காய்ச் சத்தம், அம்மிச் சத்தம், எச்சில் தட்டு, சிங்க்கில் நிற்கிற தண்ணீர். என் தோழி திருவல்லாவில் இருக்கிறாள். அவள் மாமனார் பாதியில் எழுந்து போனாராம். மறுநாள் தன் தட்டைத் தானே கழுவினாராம். மூன்று நாள். அப்புறம் பழைய கதைதான். படம் ஒரு வீட்டை மாற்றுமா என்று கேட்டால் என் கணக்கு மூன்று நாள்.

அதே சினிமாக்காரர்கள் தங்கள் வீட்டை எப்படி வைத்திருக்கிறார்கள்? 2017 பிப்ரவரியில் ஒரு நடிகைக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு சினிமாப் பெண்கள் கூட்டமைப்பு உருவானது, சினிமாவில் பெண்கள் நிலையை ஆராய ஹேமா கமிட்டி வந்தது. 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தாயிற்று. வெளியில் வந்தது 2024 ஆகஸ்ட் 19. நாலரை வருடம் அலமாரியில். அதுவும் பல பக்கங்களை நீக்கிவிட்டு. உலகத்துக்கே முற்போக்குப் பாடம் நடத்துகிற திரையுலகம் இது. இதற்குப் பதில் சொல்லுங்கள், பூரம்.

பூரம் திருச்சூர் (காலை 11.48)
சகோதரி, எங்களுக்கு முன்னால் வேறு எந்த மாநிலம் இப்படி ஒரு கமிட்டி போட்டது? குறையைத் தாங்களே தோண்டி எடுத்ததும் எங்கள் சினிமாவின் பெண்கள்தான்.

மாலதி க. (காலை 11.52)
தோண்டியது பெண்கள். அதை “எங்கள் சினிமா” கணக்கில் வரவு வைப்பது நீங்கள்.

ஏற்காட்டு அடிவாரம் (காலை 11.58)
அந்தக் கிச்சன் படத்தைத் தமிழில் 2023-இல் எடுத்தார்களே, ஓடியதா? நம் ஆட்கள் வாங்குவது மட்டும் செய்வார்கள். 1938-இல் நாம் கொடுக்கிற இடத்தில் இருந்தோம். இப்போது வாங்குகிற இடத்தில் நிற்கிறோம். அந்த வயிற்றெரிச்சல்தான் எனக்கு. சேலம்...

குட்டநாட்டுக் கனவு (பகல் 12.01)
சேலம் என்று எழுதினால் கீபோர்டே வெறுத்துவிடும் அண்ணா. நான் கடைசியாக ஒன்று கேட்கிறேன். ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ பார்த்தீர்களா? வேளாங்கண்ணி போய்த் திரும்பும் மலையாளி ஒருவர் நடுவழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நுழைந்து அந்த ஊர்க்காரனாகவே ஆகிவிடுகிறார். மம்மூட்டி. படம் முழுக்கப் பின்னணியில் பழைய தமிழ்ப் பாட்டும் வசனமும். பாண்டி என்று திட்டினார்கள் என்கிறீர்கள், நம் ஊர் மதியத் தூக்கத்தை அவர்கள்தான் எடுத்தார்கள். நம்மில் யார் எடுத்தார்கள்?

கணவாய்க் காற்று (பகல் 12.09)
நல்ல படம்தான். ஒரு படம். மற்றதற்குக் கணக்கு நிலுவையில் இருக்கிறது.

ஏற்காட்டு அடிவாரம் (பகல் 12.15)
‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ 2024. உச்சக் காட்சிக்கு அவர்களுக்கு வேண்டியிருந்தது எங்கள் ‘குணா’ பாட்டு. கொடைக்கானல் எங்களுடையது, குகை எங்களுடையது, பாட்டு எங்களுடையது. படத்தில் அந்தப் பையன்களை அடிக்கிற போலீஸ் மட்டும் தமிழ்நாடு போலீஸ் என்று எழுதிக்கொண்டார்கள்.

பூரம் திருச்சூர் (பகல் 12.18)
குழியில் இறங்கி நண்பனைத் தூக்கியவன் மலையாளி. அது யாருடையது சேட்டா?

குழித்துறைக்காரன் (பகல் 12.20)
அப்புறம் முல்லைப் பெரியாறு வரும் பாருங்கள்.

நெறியாளர் (பகல் 12.22)
வராது. அந்தப் பெயரை எழுதுகிற அடுத்த பதிவு நீக்கப்படும். சாதிப் பெயர், ஊர்ப் பெயர் சொல்லித் திட்டுவதும் வேண்டாம். தலைப்பு சினிமாவும் கலாச்சாரமும். அதில் பேசுங்கள்.

ஏற்காட்டு அடிவாரம் (பகல் 12.30)
தலைப்பு ‘பாலன்’ எடுத்தது சேலத்தில். நான் வைத்த தலைப்பு. மேலே பாருங்கள் ஐயா.

கோடம்பாக்கம் வாசி (பகல் 1.15)
பூரம் சொன்ன அந்த வியாபாரத்தைப் பற்றி நாலு வரி. எழுபதுகள் வரை இந்தத் தெருக்களில் மலையாளப் பட யூனிட் இல்லாத நாள் கிடையாது. நடிகர் பிரேம் நசீர் இங்கேதான் இருந்தார். இசையமைப்பாளர்களில் தேவராஜன் மாஸ்டர் இங்கே, தட்சிணாமூர்த்தி சுவாமி மயிலாப்பூரில். 1975-இல் அவர்கள் அரசு சினிமா வளர்ச்சிக் கழகம் தொடங்கிற்று, பிறகு திருவனந்தபுரத்தில் சித்ராஞ்சலி ஸ்டுடியோ வந்தது. ஒவ்வொரு குடும்பமாகப் பெட்டி கட்டியது. அவர்கள் ஊர் திரும்பிய பிறகுதான் படத்தில் மழை நிஜமாக நனைத்தது என்பது என் அபிப்பிராயம். அதற்கு முன் தோட்டக்காரன் குழாய் மழை. சேலத்தாருக்கு இது பிடிக்காது.

ஏற்காட்டு அடிவாரம் (பகல் 1.19)
பிடிக்கவில்லைதான். குழாய் மழையில் நனைந்துதானே அவர்கள் சினிமா வளர்ந்தது? தண்ணீருக்கு யார் வரி கட்டினார்கள்?

குட்டநாட்டுக் கனவு (பகல் 1.21)
நான் வெளியேறுகிறேன். இனி இந்தத் திரிக்கு வரமாட்டேன்.

குட்டநாட்டுக் கனவு (பகல் 1.40)
இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போகிறேன். 2015-இல் ‘பிரேமம்’ சென்னையில் டப்பிங் இல்லாமலேயே மாதக்கணக்கில் ஓடியது. அந்த வருடம் என் கல்லூரியில் ஓணத்துக்குக் கறுப்புச் சட்டையும் வெள்ளை வேட்டியும் கட்டியதில் பாதிப்பேர் தமிழ்ப் பையன்கள். மண் இல்லாத சினிமாவா இதைச் செய்தது?

ஏற்காட்டு அடிவாரம் (பகல் 1.44)
வேட்டி எங்கே நெய்தது தம்பி? சேலத்தைச் சுற்றி எத்தனை தறி ஓடுகிறது தெரியுமா?

பூரம் திருச்சூர் (பகல் 2.05)
சேட்டா, உங்களுடன் சண்டை போட்டுக் களைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை திருச்சூரிலிருந்து காரில் சென்னை திரும்புகிறேன், சேலம் வழிதான். அந்த வளைவை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. காட்டுவீர்களா?

ஏற்காட்டு அடிவாரம் (பகல் 2.09)
தாராளமாக. பைபாஸில் வந்து நிற்கிறேன். ஆனால் வளைவுக்குக் கீழே நின்று “பாலன் சேலத்துப் படம்” என்று ஒருமுறை சொல்ல வேண்டும். வீடியோ எடுத்து இங்கே போடுவேன்.

பூரம் திருச்சூர் (பகல் 2.10)
சொல்லமாட்டேன்.

ஏற்காட்டு அடிவாரம் (பகல் 2.10)
அப்படியானால் டீ மட்டும்தான். தட்டுவடை செட் கிடையாது.

மாலதி க. (பகல் 2.20)
நாலரை வருடம் அலமாரியில் இருந்ததற்கு இன்னும் பதில் வரவில்லை.

குழித்துறைக்காரன் (பகல் 2.31)
வளைவுக்கு வருகிறவர்கள் அப்படியே தெற்கே அகஸ்தீஸ்வரத்துக்கும் வாருங்கள். டேனியல் நடந்த தெருவைக் காட்டுகிறேன். 1928.

ஏற்காட்டு அடிவாரம் (பகல் 2.32)
1930.